உறையோடு சேர்த்து

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் மழைவெள்ளம் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பத்து நாள் கழித்துத் தைப்பூசக் காவடி. காவடி முடிந்த மறுநாள் காலை, கால்வலியோடு உட்கார்ந்து கணினியைத் திறந்தபோது, எங்கள் அஞ்சல்தலை மடலாடற்குழுவை (ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் எல்லோருக்கும் போய்ச்சேரும் குழு) 2001 முதல் தாங்கிவந்த சிறு நிறுவனத்திடமிருந்து நான்கு வரியில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஜூன் மாத இறுதியோடு சேவை நிறுத்தப்படும்; பழைய மடல்கள் வேண்டுமென்றால் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்; பிறகு எல்லாம் அழிக்கப்படும்; இவ்வளவு காலம் உடனிருந்ததற்கு நன்றி. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு இப்படி ஒரு கடிதம் என்றாவது வரும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அந்த நான்காவது வரியை நான் மூன்று முறை படித்தேன்.

நாங்கள் ஒன்றும் பெரிய கூட்டம் அல்ல. மொரீசியஸ், ரியூனியன், டர்பன், ரங்கூன், சென்னை, லியோன் என்று சிதறிக் கிடக்கும் நூற்றுமுப்பது பேர். அஞ்சல்தலை, பழைய உறை, பணத்தாள் சேர்ப்பவர்கள். பாதிப் பேர் தமிழில் எழுதுவார்கள். மற்றவர்கள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் எழுதுவார்கள். சிலர் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலப்பார்கள். ஒரு மாதம் முழுவதும் யாரும் எதுவும் எழுதாமல் இருப்பதும் உண்டு. திடீரென்று யாரோ ஒருவர் பழைய உறை ஒன்றின் படத்தை அனுப்பி, இந்த முத்திரை எந்த அஞ்சலகத்தினுடையது என்று கேட்பார். அடுத்த பத்து நாள் தூக்கம் போய்விடும்.

அறிவிப்பைப் பார்த்ததும் நான் முதலில் சொன்னது என் தங்கை மகளிடம்தான். அவள் கணினித் துறையில் வேலை பார்க்கிறாள். "தொந்தோன், நூற்றுமுப்பது பேர்தானே? வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினால் இன்று மாலைக்குள் முடிந்தது. எதற்கு இவ்வளவு கவலை?" என்றாள். (எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாமாவையும் சித்தப்பாவையும் இந்த ஒரே கிரியோல் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், தமிழாசிரியனாக முப்பது ஆண்டு வேலை பார்த்த என்னாலேயே என் வீட்டில் அதை மாற்ற முடியவில்லை.) அவளுக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. பழக்கம், மூத்த உறுப்பினர்கள், மின்னஞ்சல்தான் வசதி என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். என் பதில் எனக்கே ஒப்பவில்லை. அடுத்த இரண்டு மாதம் நான் புதிய இடம் தேடிக்கொண்டிருந்ததாகத்தான் வெளியில் தெரிந்தது. உள்ளுக்குள் அவளுக்கான பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

வீடு பார்க்கப் போன கதை

நீண்டகாலம் நிலைக்கும் இடம் ஒன்று வேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் எங்கள் எல்லோருடைய எண்ணமும். பெரிய நிறுவனம் என்றால் நிலைக்கும் என்று எங்கள் தீவின் ரோஸ் ஹில் நகரத்து நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. யாகூ குழுக்களைவிடப் பெரிய மடலாடற்குழு ஊர் ஒன்று இருந்ததா? ஒன்லிஸ்ட், ஈகுரூப்ஸ் என்ற இரண்டு சேவைகள் 1999இல் இணைந்து, 2000இல் யாகூவுக்குக் கைமாறி, உலகத்துப் பொழுதுபோக்குக் குழுக்கள் ஏராளமாக அங்கே குடியேறின. 2019 அக்டோபரில் பழைய உள்ளடக்கத்தை அழிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15 அன்று கதவே மூடப்பட்டது. கூகிள் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் 2001 முதல் தன் தளத்தின் வழியே காட்டிவந்த யூஸ்நெட் என்ற பழைய விவாத உலகத்தின் புதிய பதிவுகளை ஏற்பதை அந்நிறுவனம் 2024 பிப்ரவரி 22 அன்று நிறுத்தியது. நாங்கள் இடம் தேடிக்கொண்டிருந்த அதே மாதம். இலவச வீட்டில் குடியிருப்பவன் வீட்டுக்காரனின் வியாபாரக் கணக்கில் ஒரு வரிகூட அல்ல என்பதை ரோஸ் ஹில் நண்பர் அன்றைக்கு ஒப்புக்கொண்டார்.

குரூப்ஸ்.ஐஓ என்ற சேவையைப் பலரும் சொன்னார்கள். ஒன்லிஸ்டைத் தொடங்கிய மார்க் ஃபிளெட்சரே 2014இல் இதையும் தொடங்கினார் என்பதால், தான் விற்ற வீட்டின் குறைகளை அறிந்த கொத்தனார் கட்டிய வீடு என்று எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இலவசத் திட்டத்தில் புதிய குழுக்களுக்கு 100 பேர் என்ற வரம்பு இருந்ததால், நாங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும். அது குறை அல்ல. பணம் கட்டுபவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

எங்கள் இளைஞர்களில் இருவர், மடலாடற்குழுக்களை நடத்தும் மேல்மன் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நாமே நம் வீட்டில் ஒரு வழங்கியை (சர்வர்) நடத்தலாம் என்றார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பெலால் அடித்த வாரத்தில் என் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்தாலும், வீட்டு இணைய இணைப்பிலிருந்து கிளம்பும் மடலை வெளியுலகம் பெரும்பாலும் நம்புவதில்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் மடலாடற்குழுவை நடத்துவது இன்று ஏன் கடினமாகிவிட்டது என்பது பலருக்குப் புரிவதில்லை. குழு என்பது என்ன? ஒருவர் எழுதிய கடிதத்தை வாங்கி, அவர் பெயரிலேயே நூற்றுமுப்பது பேருக்குத் திரும்ப அஞ்சல் செய்யும் ஒரு தபால்காரன். அனுப்புநர் முகவரி எங்கள் ஊர் கூர்பிப் என்று இருக்கும். முத்திரையோ வேறு ஊருடையது. போலிக் கடிதங்களும் அப்படித்தான் இருக்கும். அந்த மோசடியைத் தடுக்க யாகூ 2014 ஏப்ரலில், தன் முகவரியைத் தாங்கி வேறிடத்திலிருந்து கிளம்பும் மடல்களை நிராகரித்துவிடுங்கள் என்று உலகத்துக்கு அறிவித்தது. அதோடு உலகெங்கும் மடலாடற்குழுக்கள் தடுமாறின. அன்றிலிருந்துதான் குழுவிலிருந்து வரும் மடல்களில் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் இன்ன குழு வழியாக என்று ஒட்டுப்போடும் வழக்கம் பரவியது. 2024 பிப்ரவரியில் கூகிளும் யாகூவும் விதிகளை இன்னும் இறுக்கின. எங்கள் பழைய நிறுவனத்துக்கு, அனுப்புவது யார் என்று மின்னொப்பமிட்டு நிரூபிக்கும் இந்தச் சடங்குகள் எதுவும் சரியாகக் கைவரவில்லை. கடைசி ஓராண்டு எங்கள் மடல்களில் பாதி, ஜிமெயில் உறுப்பினர்களின் குப்பைப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. குழு மௌனமாகிவிட்டது என்று நாங்கள் வருந்திக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், கேட்கத்தான் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். குழுவின் தளப்பெயர், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று தேடினால், அது குழுவை நிறுவிய ஐயாவின் பெயரிலேயே இருந்தது. ஐயா 2016இல் காலமாகிவிட்டார். அவருடைய மகன், என்னவென்று தெரியாமலே, ஆண்டுதோறும் அப்பாவின் கணக்கில் வரும் சிறு கட்டணம் என்று நினைத்து அதைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, "அப்பாவுடையது ஏதோ என்றுதான் நிறுத்தவில்லை ஐயா" என்றார். எட்டு ஆண்டுகளாக எங்கள் குழு அந்த ஒரு தயக்கத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கறுப்பு வைரங்கள்

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொத்த மடல்களையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கினேன். எம்பாக்ஸ் என்று அதைச் சொல்வார்கள்; எல்லா மடல்களும் தலைப்பு விவரங்களோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்ட நீண்ட உரைக்கோப்பு, அவ்வளவுதான். முப்பத்தோராயிரம் மடல்களுக்கு மேல் இருந்தன. அதற்குள் நாங்கள் ஓரிடத்தை ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம். அழகான பக்கங்கள், நல்ல தேடல் வசதி, தாங்கக்கூடிய கட்டணம். சோதனைக்காக முதல் மூன்று ஆண்டு மடல்களை அங்கே ஏற்றினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, எல்லாம் வெற்றிகரமாக ஏற்றப்பட்டது என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது.

எனக்கு நினைவிருந்த ஒரு மடலைத் தேடினேன். 2002இல் எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதியது. அவர் அப்போது ஒரு வங்கியில் பணம் கொடுக்கும் முகப்பில் வேலை பார்த்தவர். 1998 நவம்பரில் மொரீசியஸ் வங்கி வெளியிட்ட புதிய பணத்தாள்களைப் பற்றிய மடல் அது. அதுவரை எங்கள் ரூபாய்த் தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசை இருந்தது. புதிய தாளில் இந்தி முன்னே வந்து தமிழ் கடைசிக்குப் போயிற்று. அதை எதிர்த்துத் தமிழர்கள் எழுந்ததும், தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும், 1999இல் பழைய வரிசையோடு மறுபடி அச்சானதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை. சேகரிப்பாளர்களுக்கு அந்த 1998 தாள்கள் இன்று பொக்கிஷம். ஆனால் முகப்புக்குப் பின்னால் நின்றவர் அதை எப்படிப் பார்த்தார் என்பதை அந்த ஒரு மடல் தவிர வேறெங்கும் நான் படித்ததில்லை. தாளை மாற்ற வந்த ஒரு கிழவி, ஒன்றை மட்டும் கொடுக்க மறுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனதையும், தானும் ஒன்றை ஒளித்து வைக்கலாமா என்று நினைத்து, கணக்கு இடிக்குமே என்று விட்டுவிட்டதையும் எழுதியிருந்தார்.

மடல் இருந்தது. தேதி இருந்தது, பெயர் இருந்தது. உள்ளே தமிழ் இருந்த இடம் முழுவதும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. வரிசை வரிசையாக, பக்கம் முழுக்க. தமிழ் எழுத்து பின்னுக்குத் தள்ளப்பட்டதைப் பற்றிய மடலில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. சிரிப்பதா என்று தெரியாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரணம் சிக்கலானதல்ல. அந்தக் காலத்தில் எங்களில் பலரும் எழுதியது திஸ்கி என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினிக்கு எண்களாகத் தரும் முறை ஒன்றில். 1999 வாக்கில், இணையத் தமிழர்கள் தங்களுக்குள்ளேயே மடலாடி மடலாடி உருவாக்கிய தரம் அது. ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு, மீதி தமிழ் எழுத்துருவங்களுக்கு. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். மடலின் தலைப்பு விவரத்திலோ இது திஸ்கி என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது; மேலை ஐரோப்பிய எழுத்து என்றோ, பயனர் வரையறுத்தது என்றோ இருக்கும். புதிய இடத்தின் ஏற்றும் கருவி, உள்ளே வரும் எதையும் ஒருங்குறி (யூனிகோட்) என்ற இன்றைய பொதுக் குறியேற்றத்துக்கு மாற்றிச் சேமிப்பதாக அமைந்திருந்தது. புரியாத பைட்டைக் கண்ட இடத்திலெல்லாம் அதை நீக்கிவிட்டு வைரத்தை வைத்துவிட்டது. ஐரோப்பிய எழுத்தாகத் தவறாக மாற்றியிருந்தாலும் பரவாயில்லை, திரும்பிவர வழி இருந்திருக்கும். வைரமோ எல்லா எழுத்துக்கும் ஒரே வைரம். அதிலிருந்து ககரமா ஙகரமா என்று யாரும் மீட்க முடியாது.

என் கணினியில் இருந்த மூலக்கோப்பைத் திறந்து அதே மடலைத் தேடினேன். பைட்டுகள் அப்படியே இருந்தன. பழைய எழுத்துரு ஒன்றைத் தேடி நிறுவியதும் கிழவி திரும்பி வந்தாள், முந்தானையோடு. ஒருங்குறிக்கு மாற்றுவதில் மட்டும் ஒரு மாலை போயிற்று. திஸ்கியில் கொம்பு கண்ணால் பார்க்கும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் நிற்கும். ஒருங்குறியில் பின்னால் வர வேண்டும். 'கொ' என்பது அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. இதை அறியாத மாற்றி ஒன்றில் போட்டால் 'கொடுத்தார்' உடைந்து வேறு ஏதோ ஆகிறது.

அன்று இரவுதான் என் தங்கை மகளின் கேள்விக்கான பதில் எனக்குக் கிடைத்தது. அதுவும் எங்கள் பொழுதுபோக்கின் அரிச்சுவடியிலேயே இருந்தது. அஞ்சல்தலை சேர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தருவது, தலையை உறையிலிருந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பது. கொஞ்சம் தேறிய பிறகு கற்றுத்தருவது, பிரிக்காதே என்பது. உறையில் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, எந்த வழியாக எந்தக் கப்பலில் போயிற்று என்பதற்கான தடயம் இருக்கிறது, யார் யாருக்கு எழுதினார் என்பது இருக்கிறது. 1847இல் எங்கள் தீவு வெளியிட்ட போஸ்ட் ஆஃபிஸ் அஞ்சல்தலைகள் ஒரு பென்னியில் 500, இரண்டு பென்ஸில் 500 மட்டுமே அச்சானவை, ஒவ்வொன்றும் அரிது. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒட்டப்பட்டு, போர்தோ நகர மதுவணிகர்களுக்குப் போன அந்த ஓர் உறையைத்தான் சேகரிப்பாளர்கள் தலைமேல் தூக்கிவைக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பேச்சு நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆனால் அது உறையிலிருந்து பிரித்த தலை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற இழை அறுந்துவிடும். புதிதாகச் சேர்பவருக்கு முந்தைய பேச்சு தெரியாது. எடுத்துக்கொண்டு வேறிடம் போவதும் எளிதல்ல. நான் ஏற்றிப் பார்த்த அந்த அழகான இடமும், என் உறைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் பச்சை நிறத்தில் வெற்றி என்றது.

ஆகவே, நீண்டகாலம் நிலைக்கும் இடம் எது என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே பிசகு என்று எனக்குத் தோன்றியது. எந்த இடமும் நிலைக்காது. தளப்பெயரைக்கூட ஒரே நேரத்தில் பத்து ஆண்டுக்கு மேல் பணம் கட்டிப் பதிய முடியாது. அடுத்த முறை வெளியேறும்போது, கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரக்கூடியவர் யார் என்பதே கேட்க வேண்டியது.

ஒரே கேள்வி

ஐந்து இடங்களுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: நாங்கள் தரும் கோப்பை, ஒரு பைட்டும் மாறாமல், எப்போது கேட்டாலும் திருப்பித் தருவீர்களா? இருவர் பதிலே எழுதவில்லை. ஒருவர் கட்டணப் பட்டியலை அனுப்பினார். ஒருவர் விதிமுறைகளைப் படித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்தாவதாக ஒரு சிறு நிறுவனம். நான்கைந்து பேர் நடத்துவது. அவர்களில் ஒருவர் மாதிரிக் கோப்பு ஒன்றைக் கேட்டார். எங்கள் 2002 மடல்களை அனுப்பினேன். மூன்று நாள் கழித்து அவர் அதை ஏற்றி, மறுபடி வெளியே எடுத்து, இரண்டு கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணும் (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் எண் அது) ஒன்றே என்று காட்டி அனுப்பினார். கூடவே ஒரு நேர்மையான எச்சரிக்கை: அவர்கள் நடத்துவது மேல்மன் 3, அதன் காட்சிப் பக்கம் மடலைப் பிரித்துத் தரவுத்தளத்தில் வைப்பதால், பக்கத்தில் பழைய தமிழ் கோணலாகவே தெரியலாம், எனவே மூல மடல்களைத் தனி அடைவில், வந்தபடியே, தொடாமல் வைத்திருக்கிறோம் என்றார்.

அதைப் படித்தபோது கோடான் துறைமுக வளாகத்தில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகம்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் அந்த 1847 தலைகளின் மூலங்களுக்கு மணிக்கு ஒரு முறை, சில நிமிடம் மட்டுமே விளக்கு போடுவார்கள். மற்ற நேரத்தில் பார்வையாளர்கள் காண்பது நகல்தான். மூலம் இருட்டில் இருக்கும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போன போதெல்லாம் அந்த விளக்குக்காகக் காத்திருந்து அலுத்துக்கொண்டவன் நான்.

ஏப்ரலில் வாக்கெடுப்பு. நூற்றுமுப்பது பேரில் நாற்பத்திரண்டு பேர் வாக்களித்தார்கள். ரோஸ் ஹில் நண்பர் எதிர்த்து வாக்களித்துவிட்டு, முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாதியைத் தானே கட்டினார். தளப்பெயரை ஐயாவின் மகன் மாற்றிக் கொடுத்தார். பத்து ஆண்டுக்குப் பதிந்தோம். சாவி மூவரிடம்: ரோஸ் ஹில்லில் ஒருவர், ரியூனியனின் செந்தெனியில் ஒருவர், டர்பனில் ஒருவர். மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை மூலக்கோப்பின் புதிய நகலை எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்தாயிற்று என்று குழுவுக்கு எழுத வேண்டும். டர்பன் அன்பர் இந்த ஆண்டு இன்னும் எழுதவில்லை. நினைவூட்டியிருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவும் ஒன்று இருக்கிறது. என் தங்கை மகளே தொடங்கியது. ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று, யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் அங்கே ஓடுகிறது.

ஜூன் முதல் வாரத்தில் குடிபெயர்ந்தோம். புதிய முகவரியிலிருந்து எல்லோருக்கும் மடல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. ஒருங்குறியாக்கிய அந்த 2002 மடலை அனுப்பினேன். பல ஆண்டுகளாக வாய் திறக்காதிருந்த பதினோரு பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் பலருக்கு எங்கள் மடல்கள் குப்பைப் பெட்டியில்தான் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன. மடலை எழுதியவரும் ஒருவர். ஓய்வு பெற்று இப்போது மகளோடு பெர்த் நகரில் இருக்கிறார். மடலில் தாள் திரும்பப் பெறப்பட்ட மாதத்தைத் தவறாக எழுதிவிட்டேன், சேமிப்பில் அதைத் திருத்திவிட முடியுமா என்று கேட்டார். சேமிப்பில் இருப்பதைத் தொட மாட்டோம் ஐயா, திருத்தத்தைப் புது மடலாக எழுதுங்கள் என்று சொன்னேன். சற்று மனத்தாங்கலோடுதான் ஒப்புக்கொண்டார். மறுநாள் அவருடைய மடல் வந்தது. பொருள் வரியில் 'பிழை திருத்தம்' என்று இருந்தது. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு மடலும் இப்போது ஒரே இழையில் இருக்கின்றன.